இடக்கைக் கீபோர்டு

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷேட் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே இருந்து வெளிச்சம் வந்தால் பதனிட்ட தோலின் நிறம் மாறித் தெரியும் என்று கட்டும்போதே வைக்காமல் விட்டுவிட்டார்கள். சுவரெல்லாம் சாம்பல் பெயிண்ட். நடுவில் ஒரு மேசை, மேசைமேல் முன்பக்கம் திறந்த, உள்ளே விளக்கெரியும் லைட் பாக்ஸ், அதற்குமேல் ஸ்டாண்டில் மாட்டிய கேமரா, பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அன்றைக்கு மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பது சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும்போதுதான் எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "ஏசி ரூம்ல உக்காந்துக்கினு சலிச்சிக்காதே" என்பார். அவர் எலக்ட்ரீஷியன். வெயிலில் கம்பம் ஏறுகிறவர். அவரிடம் இதற்குமேல் என்ன பேச முடியும்?

என் வேலை இதுதான். டேனரியில் ஃபினிஷ் ஆகி வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி என்னிடம் அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு என்னிடம் கவரில் இருக்கும். இரண்டையும் லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே நிறம்தானா என்று பார்க்க வேண்டும். கிடத்தி வைத்துப் பார்த்தால் தோல் ஏமாற்றும். கையில் பிடித்து, வளைத்து, சாய்த்துப் பார்த்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்போ பச்சையோ வெளியே வரும். மேலிருக்கும் கேமரா படங்களை எடுத்துக் கம்ப்யூட்டரில் கொட்டும். அவற்றுக்கு லாட் நம்பரைப் பெயராக வைத்து பாஸ், மறுபடி ஸ்ப்ரே, ரிஜெக்ட் என்ற மூன்று ஃபோல்டர்களில் ஒன்றுக்கு நான் அனுப்ப வேண்டும். நான் அனுப்பிய ஃபோல்டரைப் பார்த்துத்தான் கட்டிங் செக்‌ஷனில் தோலை வெட்டுவார்கள்.

எங்கள் ரூமில் மவுஸ் வாழாது. விரலில் எப்போதும் கொஞ்சம் ஃபினிஷ் சாயம் ஒட்டியிருக்கும், தோல் தூசி வேறு. ஒரு மவுஸ் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பிசுபிசுத்து நின்றுவிடும். அப்போது கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். இந்த மவுஸ் தொல்லையைப் பார்த்து அலுத்துப்போய், மவுஸே வேண்டாத ஒரு ஃபைல் மேனேஜரைப் போட்டுக் கொடுத்தார். கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்து. இடது பக்கம் ஃபோல்டர்கள், நடுவில் ஃபைல்கள், வலது பக்கம் படம். ஜே அழுத்தினால் கீழே, கே அழுத்தினால் மேலே, எல் அழுத்தினால் ஃபோல்டருக்குள், ஹெச் அழுத்தினால் வெளியே. காட்டிவிட்டுக் கிளம்பும்போது, "இந்தக் கீ புடிக்கலன்னா மாத்திக்கலாம் மேடம், ஒரு ஃபைல்ல ஒரு வரி எழுதினா போதும்" என்று அதையும் காட்டினார். கொஞ்ச நாளில் அவர் சென்னைப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் அந்த மனுஷன்.

ஏனென்றால் அவர் காட்டிய கீகள் எல்லாம் வலது கைக்குக் கீழே இருந்தன. என் வலது கை லைட் பாக்ஸுக்குள் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கீ அழுத்த வேண்டுமென்றால் தோலைக் கீழே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அழுத்த வேண்டும், மறுபடி தோலை எடுத்து அதே சாய்வைத் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் பழைய நிறத்தை மறந்திருக்கும். நாள் முழுக்க எடுப்பதும் வைப்பதுமாகவே போயிற்று. எரிச்சலில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஃபைலைத் திறந்தேன்.

மேப் என்று எழுதி, இடம் விட்டு, கீயின் எழுத்து, மறுபடி இடம் விட்டு, அந்தக் கீ செய்ய வேண்டிய வேலை. அவ்வளவுதான். மேலே போக டபிள்யூ, கீழே வர எஸ், வெளியே வர ஏ, உள்ளே போக டி என்று நாலு வரி எழுதினேன். மூடித் திறந்தேன். வலது கை தோலை விடவே இல்லை, இடது கை மட்டும் நகர்ந்தது, திரையில் பட்டியல் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் யாருக்குப் புரியும்?

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ருசி கண்டுவிட்டேன். இடது கைக்குக் கீழ் வரிசையில் முதல் மூன்று கீகளை பாஸ், ஸ்ப்ரே, ரிஜெக்ட் என்று ஆக்கினேன். ஒரு கீயை அழுத்தினால் லாட் நம்பர் தானாகப் பெயரில் ஏறும். இன்னொன்றை அழுத்தினால் அதே ஆர்டரில் போன தடவை வந்த படம் வந்து நிற்கும். சுண்டு விரலுக்கு வலித்த வேலைகளை எடுத்துக் கட்டை விரலுக்குக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று அந்த ஃபைல் நீண்டுகொண்டே போனது. கீபோர்டுக்கு மேலே தூசி படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தோம். அந்த உறை மங்கி, கீழே எந்த எழுத்து என்றே தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. செக்கிங் செக்‌ஷன் அக்காக்கள் டீ நேரத்தில் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற" என்று கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

இதை என்னைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது என்று எனக்கு முதலில் உறைத்தது காய்ச்சலில் படுத்தபோது. என் இடத்தில் குவாலிட்டி செக்‌ஷன் ஆள் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் எங்கேயோ பழகிய ஞாபகத்தில், காப்பி எடுக்கிற கீ என்று நினைத்து ஒன்றை அழுத்த, பாஸ் ஆன லாட் முழுவதும் ரிஜெக்ட் ஃபோல்டருக்குப் போய்விட்டது. கட்டிங்கில் கையை நிறுத்திவிட்டார்கள். அடுத்து எதை அழுத்தினாலும் இன்னும் மோசமாகும் என்று பயந்து எனக்குப் போன். போர்வைக்குள் படுத்தபடி நான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இடது பக்கம், கீழ் வரிசை. இல்லப்பா, ஷிஃப்ட் இல்ல. அதுக்குப் பக்கத்துல. மொதல்ல அந்தக் கைய எடுங்க." மறுநாள் மேனேஜர் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் 'மேடம் தவிர யாரும் தொடக் கூடாது' என்று எழுதிக் கம்ப்யூட்டரில் ஒட்டினார். நான் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினேன். அன்றைக்குப் பல்லை இளித்துக்கொண்டு அதைக் காட்டிய என்னை இப்போது நினைத்தால் ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருக்கிறது.

அதன் பிறகு லீவு என்பது பெயருக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அமிர்தி காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் இரண்டாம் வகுப்பு. மான்களைப் பார்த்தோம், அருவியில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் குளித்தோம், கட்டிக்கொண்டு போன புளிசோற்றைச் சாப்பிட்டோம். அங்கே டவர் கிடைக்காது. நானும் நிம்மதியாக இருந்தேன். கணியம்பாடிக்கு வந்து எங்கள் தெருவில் திரும்பினால் வாசலில் கம்பெனி கார் நிற்கிறது. டிரைவர் பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓட்டுகிறார்களாம், லாட் வந்து குவிந்திருக்கிறதாம், காலையிலிருந்து என் போன் கிடைக்கவில்லையாம். நான் ஈரத் தலையோடு நின்றேன். மகள் காரைப் பார்த்ததுமே ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடி, என் கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அதற்குப் பழகிப்போயிருந்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கணியம்பாடியிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து கம்பெனி பஸ். திரும்பி வரும்போது சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் பாய் விரித்திருப்பாள். அவளோடு விழித்த நேரத்தில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான், அதற்கும் கார் வந்துவிட்டது. அந்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

எங்கள் சபைக்கு வரும் நர்ஸ் ஒருவர்தான் சொன்னார். வேலூரில் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை அடுக்கிவைக்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று. போனேன். பேசினார்கள். எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து ஒரே பஸ். சாயங்காலம் மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு வேண்டியது அதுதான், வேறு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும், சேரும்போது பழைய கம்பெனியிலிருந்து ரிலீவிங் லெட்டர் கொண்டுவர வேண்டும், லெட்டர் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள்.

எங்கள் மேனேஜர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் நல்லவர். என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து விழுந்தபோது ராத்திரி என்றும் பாராமல் காரை அனுப்பி, ரத்தம் கொடுக்கக் கம்பெனிப் பையன்களையும் அதே காரில் ஏற்றி அனுப்பினவர். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தூக்கில் கஞ்சி கொடுத்து விடுவார். அவர் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"சந்தோஷம்மா," என்றார். "ஆஸ்பத்திரி வேலன்னா மரியாத. நான் வேணான்னு சொல்வனா? ஆனா அந்தக் கம்ப்யூட்டர யாரு ஓட்டுவாங்க?"

"யாருக்காவது கத்துக் குடுக்கறேன் சார்."

"குடு. ஒரு ஆள ரெடி பண்ணிக் குடுத்துட்டு லெட்டர் வாங்கிக்கினு போ. பேஜார் இல்லாம முடிச்சிக்கலாம்."

எனக்கு முதலில் தோன்றிய வழி சுலபமானது. என் ஃபைலை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிட்டேன். ஃபைல் மேனேஜர் பழையபடி பிறந்த மேனியாக வந்து நின்றது. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடிய கீகள். குவாலிட்டி ஆளை உட்கார வைத்தேன். அவர் தோலை எடுத்தார், வைத்தார், அழுத்தினார், எடுத்தார். மத்தியானத்துக்குள் மேசை நிறையத் துண்டுகள் சேர்ந்துவிட்டன. அவசரத்தில் சிவப்படித்த பழுப்பு லாட் ஒன்றை பாஸ் பண்ணிவிட்டார். கட்டிங்கில் பாதி வெட்டிய பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் வந்தார். சத்தம் போடவில்லை. "பழசையே போடும்மா" என்றார். போட்டேன். வேறு என்ன செய்வது?

செக்கிங்கிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பினார்கள். என் கீகளை அப்படியே கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். அவர்களுக்கு இடது கை விரல் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. எது எந்தக் கீ என்று கேட்டால் எனக்கு வாயில் வராது, கையை வைத்தால்தான் வரும். "இதுக்கு நாங்க மெஷின்லயே தச்சிக்கினு இருக்கோம்க்கா" என்று கும்பிடு போட்டுவிட்டு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. 

அப்போதுதான் அவர் வந்தார். சோளிங்கர்க்காரர், என்னைவிட ஓரிரு வயது குறைந்தவர், கல்யாணமானவர். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பார்த்தவர், அங்கே முறையாக லெட்டர் வாங்கிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு டிரையலில் வந்திருந்தார். நிறம் பார்க்கக் கண் இருந்தது. முதல் துண்டை நான் நீட்டியபோது இடது கையால் வாங்கினார். அப்படியே லைட் பாக்ஸுக்குள் இடது கையைக் கொண்டுபோனார்.

"நொட்டாங்கையா?" என்றேன்.

"ஆமா மேடம். சோறு மட்டும்தான் வலது கை. எங்கம்மா அடிச்சி மாத்தினது அது ஒண்ணுதான்."

நான் சிரித்துவிட்டேன். அந்த ரூமில் நான் சத்தமாகச் சிரித்தது ரொம்ப நாளைக்குப் பிறகு. அவருக்குத் தோல் இடது கையில், கீபோர்டு வலது கையில். என் கீகள் அவருக்கு ஒன்றுக்கும் உதவாது. ஆனால் என் மூளை குறுகுறுத்தது. என் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, ஒவ்வொரு வரியையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது பக்கத்துக்குத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மேடம், டபிள்யூ ஏ எஸ் டி. இது பசங்க கேம் ஆடுற கீ ஆச்சே" என்றார்.

"இன்னாது?"

"ஊர்ல எல்லாப் பசங்களும் இதுலதான் சுட்டுக்கினு கெடக்கறானுங்க. உங்க வீட்ல யாரும் ஆடறதில்லையா?"

நான் உட்கார்ந்து கண்டுபிடித்தது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாலு கீ. முகத்தில் ஈ ஆடவில்லை எனக்கு. "சரி, பேசாம இந்தப் பக்கம் பாருங்க தம்பி" என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஆள் கெட்டிக்காரர். எந்த விரலுக்கு எது எட்டவில்லை என்று சொல்வார், நான் அந்த வரியை மாற்றுவேன், மறுபடி ஓட்டிப் பார்ப்பார். வேலை இப்படிச் சிரித்துக்கொண்டு நடக்கும் என்றே எனக்கு மறந்திருந்தது. சீக்கிரமே அவராகவே லாட்களைப் பார்த்து அனுப்பினார். ஒன்றும் திரும்பி வரவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு நாள் லீவு போட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்தாள், பையை வீசினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடினாள். போன் அடிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதவே எனக்கு இப்போது கோபமாக வருகிறது.

மறுநாள் மேனேஜர் ரூமுக்கு வந்தார். சோளிங்கர்க்காரர் தோலைப் பிடித்துக்கொண்டு கீகளைத் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம ஆளு தேறிட்டான்போல" என்றார். நான், "லெட்டர் சார்" என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. லைட் பாக்ஸைச் சுற்றிப் பின்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"இவன் தோல எந்தக் கையில புடிக்கிறான்?"

"இடது கை சார்."

"நீ வலது கை."

"ஆமா சார்."

"அப்ப நீ இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். எதிரெதிர உக்காந்தா பொட்டி ஒனக்கு வலது கைப்பக்கம், அவனுக்கு இடது கைப்பக்கம். ஒரே லைட் பாக்ஸ்ல ரெண்டு லைன் ஓட்டலாமேம்மா." அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இத்தினி நாளு இது யாருக்குமே தோணல பாரு."

மறுநாள் தச்சர் வந்து லைட் பாக்ஸின் பின்பலகையை அறுத்து எடுத்தார். இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது, இன்னொரு கேமரா, இன்னொரு கீபோர்டு வந்தது. நானும் அவரும் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வேலை இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. அந்த வேகத்தை நம்பிப் பெரிய ஆர்டர் ஒன்றைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. லெட்டர் கேட்டால், "இந்த ஷிப்மெண்ட் போகட்டும்மா" என்றார் மேனேஜர். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சினேன். ஒரு தடவை நாள் தள்ளிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை கேட்காதீர்கள் என்றார்கள். ஷிப்மெண்ட் போனது. அதன் பின்னாலேயே அடுத்தது வந்து நின்றது.

மேனேஜர் ரூமுக்குள் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "சார், நீங்க ஒரு ஆள கேட்டீங்க. நான் குடுத்துட்டேன். அப்பறம் இன்னா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. வருத்தம்தான் வந்தது. "குடுத்தே. யாரு இல்லன்னா? இப்பதான் அது ரெண்டு ஆளு வேலையாயிடுச்சே. இந்த நேரத்துல நீ போய்ட்டா ஆர்டர யாரு முடிப்பாங்க, நீயே சொல்லு. நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா, ஒனக்குத் தெரியாதா?" பியூனைக் கூப்பிட்டு எனக்கு டீ சொன்னார். நான் அந்த டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்கலாம், குடித்தேன்.

வீட்டுக்காரரிடம், லெட்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் அடிபட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "லெட்டர் இல்லாம அங்க சேக்க மாட்டாங்க. அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு ஆயிடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுவும் இல்லாம, நமக்கு அவ்ளோ செஞ்சிருக்காரு" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

கடைசி நாள் அன்று ஷேட் ரூமிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வர முடியவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கத்துப் பெண், பரவாயில்லை மேடம் என்று வைத்துவிட்டாள். எதிரில் சோளிங்கர்க்காரர் தோலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லைட் பாக்ஸ் வெளிச்சத்தில் முகத்தை எங்கே ஒளிப்பது? கையிலிருந்த லாட்டை முடித்து அனுப்பிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க போகலன்னா, நான் அங்க ஒரு அப்ளிகேஷன் போட்டுப் பாக்கட்டுமா? வீட்ல அவங்க மாசமா இருக்காங்க. வேலூர்னா பக்கமா போய்டும்."

அவருக்கு இங்கே டிரையல்தான். யாரும் லெட்டர் கொடுக்கவும் வேண்டாம், யாரும் பிடித்து வைக்கவும் முடியாது. பழைய டேனரி லெட்டர் கையில் இருக்கிறது. என்னைக் கேட்கவே வேண்டிய அவசியம் இல்லை, கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்மேல் எரியவில்லை என்று சொன்னால் அது பொய். "போடுங்க தம்பி" என்றேன். எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

அவருக்குக் கிடைத்தது. போய்விட்டார். சேர்ந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெம்பு.

"அக்கா, இங்க எல்லாம் மவுஸ்தான்க்கா. பேர கிளிக் பண்ணா படம் வந்துடுது. நாம உக்காந்து உக்காந்து கத்துக்கினோமே, அதுல ஒரு கீகூட இங்க தேவப்படல. அஞ்சு மணிக்கு விட்டுடறாங்க. பாப்பா எப்டி இருக்கா?"

"நல்லா இருக்கா தம்பி" என்றேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று, லாட் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. மேனேஜர் ஆள் தேடினார். நொட்டாங்கைக்காரர், நிறம் பார்க்கத் தெரிந்தவர், கீ பழகத் தயாராக இருப்பவர் என்று மூன்றும் சேர்ந்து ஊரில் எங்கே கிடைப்பார்கள்? ஒரு நாள் சாயங்காலம் ரூமுக்கு வந்தார். நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, நாள் முழுக்கத் தோலைத் தூக்கிப் பிடித்ததில் கை விட்டுப்போகிறது சார், இன்றைக்கு இவ்வளவுதான் என்றேன். அந்த வலியைச் சொன்னால் நேரத்துக்கு விட்டுவிடுவார்.

"பாவம்மா" என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார். பிறகு எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "அவன் செட்டிங்க ஒன்னால ஓட்ட முடியுமா? அந்தப் பக்கம் தோலு இடது கைதானே. வலது கைக்கு ரெஸ்ட்டு கெடைக்கும்."

முடியாது சார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார், இடது கையால் வாங்கினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வலது கையைக் கீபோர்டில் வைத்தேன். அங்கே இருந்த ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. கை ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. லாட் பாஸ் ஃபோல்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா" என்றார் மேனேஜர். "நான் சொல்லல?"

இப்போது வலது கை விட்டுப்போனால் அந்தப் பக்கம் போய் உட்கார்கிறேன். இடது கை விட்டுப்போனால் இந்தப் பக்கம் வருகிறேன். கை வலிக்கிறது, கிளம்புகிறேன் என்று சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. வேலை முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ் போயிருக்கும், மேனேஜர் காரைக் கொடுத்து அனுப்புகிறார். கணியம்பாடியில் எங்கள் வாசலில் அந்தக் கார் வந்து நிற்கும்போது மகள் தூங்கிவிட்டிருக்கிறாள்.